108-ஆம் எண்ணில் இரண்டு பேர்

என் அப்பா வீட்டுக்கு மூன்று கதவு எண்கள் உண்டு. பழைய எண், புதிய எண், அப்புறம் எந்தக் கணக்கெடுப்புக்கோ வந்தவர்கள் நீலச் சாயத்தில் எழுதிவிட்டுப் போன ஓர் எண். தபால்காரர் பழையதை நம்புவார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் புதியதை நம்புவார். கூரியர்காரர் எதையும் நம்பாமல் தெருமுனையில் நின்றுகொண்டு போன் செய்வார். நீல எண்ணை இதுவரை ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. முகவரிக் குழப்பத்தில் இவ்வளவு பழக்கப்பட்ட குடும்பம், வீட்டுக்குள் இருக்கிற மூன்று சாமான்களுக்கு நம்பர் கொடுக்கத் தெரியாமல் ஆறு மாசம் முழி பிதுங்கியது.

வீடு திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் இருக்கிறது. தெருவில் முக்கால்வாசி வீடுகள் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடும் மாடிகளாகிவிட்டன. ஞானம் தேடி வருகிறவர்கள் அறைக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது வைஃபையை என்பதால் எங்கள் தெருவில் இன்டர்நெட் மட்டும் ஒழுங்காக வரும். அப்பா அறை விடவில்லை. முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இன்னொருத்தனைப் பார்த்து "உள்ள போ, உள்ள போ" என்று சொல்ல இனி உடம்பில் தெம்பு இல்லை என்று சொல்லிவிட்டார்.

அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் கீழ்பென்னாத்தூரில் வாக்கப்பட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். தம்பி சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். அப்பா தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தொலைக்காட்சியோடு தனியாகச் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். ஒரு மழைக்காலத்துக் காலையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். ஏழு மணிக்கு விழுந்தவரைப் பதினோரு மணிக்குக் கீரை விற்கிற அம்மாதான் குரல் கேட்டுக் கண்டுபிடித்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அந்த நாலு மணி நேரத்தைத் தம்பியால் ஜீரணிக்க முடியவில்லை. அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போயே தீருவேன் என்று நின்றான். அப்பா வர மாட்டேன் என்று நின்றார். நடுவில் நான் நின்றேன். இரண்டு பேரும் என்னைத்தான் திட்டினார்கள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. கூடத்தில் ஒரு கேமரா மாட்டுவது, அதில் தம்பி எப்போது வேண்டுமானாலும் அப்பாவைப் பார்ப்பது, பேசுவது. அப்படி இருந்தால் அப்பா இங்கேயே இருக்கலாம்.

"ஆனா ஒண்ணுக்கா," என்றான் தம்பி. "அது ஓடுற வரைக்கும்தான். நம்ப முடியாதுன்னு ஆச்சுன்னா அப்புறம் பேச்சே கெடையாது. நான் வந்து கூட்டினு போயிடுவேன்."

ஆக, அப்பா தன் வீட்டில் இருப்பாரா மாட்டாரா என்பது சுவரில் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் உருண்டையின் தயவுக்குப் போய்விட்டது.

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் மாட்டினான். கூடத்து மூலையில் கேமரா. வேலை செய்தால் அதில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரியும். தண்ணீர் மோட்டாருக்கு ஒரு சுவிட்ச், வாசல் லைட்டுக்கு அதே மாதிரி இன்னொரு சுவிட்ச். இரண்டையும் சென்னையிலிருந்தே போடலாம், அணைக்கலாம். வைஃபை ரூட்டருக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அதுதான் மேஸ்திரி என்றான். ரூட்டர் இந்த வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு சாமானுக்கும் தானாகவே ஒரு நம்பர் கொடுக்கும், மேஸ்திரிப் பெட்டி அந்த நம்பரைச் சொல்லித்தான் ஒவ்வொன்றையும் கூப்பிடும் என்று விளக்கினான். அப்பா தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டினால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். அம்மாவுக்கு அது தெரியும், எனக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியாது.

தானாக நம்பர் கொடுக்கிற ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருந்தது. கரண்ட் போய் வந்தால் ரூட்டருக்குப் பழைய நினைவு எல்லாம் போய்விடும். யார் முதலில் எழுந்து வந்து கேட்கிறார்களோ அவர்களுக்கு முதல் நம்பரைக் கொடுக்கும். எங்கள் ஊரில் கரண்ட் போவதற்குக் காற்று அடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. காற்று அடிக்கலாம் என்று யாராவது நினைத்தாலே போதும். ஒரு நாள் அப்படிப் போய் வந்ததில் மோட்டார் சுவிட்சும் லைட் சுவிட்சும் நம்பரை மாற்றிக்கொண்டன. மேஸ்திரிப் பெட்டிக்கு யார் சொல்வது? சாயந்தரம் ஆறு மணிக்கு வாசல் லைட்டைப் போடுகிறேன் என்று அது மோட்டாரைப் போட்டது. வாசல் இருட்டாகவே இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, முழுக்க நனைந்தது. பக்கத்து வீட்டம்மா என்னிடம் போனில் மரியாதையாகத்தான் பேசினார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இங்கே மல்லாட்டையை ஊறவைக்க உன் தம்பி எத்தனை வருஷம் படித்தான் என்று மட்டும் கேட்டார்.

"சுவிட்சு செவுத்துல இருந்தப்போ எனக்குதான் மறதி," என்றார் அப்பா. "இப்போ அதுக்கே வந்துடுச்சி."

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம்பர்களைத் தானாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, நாமே நிரந்தரமாக எழுதி வைப்பது என்று முடிவானது. ஒவ்வொரு சாமானுக்குள்ளும் போய் உன் நம்பர் இதுதான், கரண்ட் போனாலும் வந்தாலும் இதுதான் என்று சொல்லிவிடுவது. தம்பி போனில் வழி சொன்னான், நான் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தேன். ஞாயிற்றுக்கிழமையிலும் அவனுக்கு ஏதோ மீட்டிங். எந்த நம்பர் போடுவது என்று கேட்டேன்.

"எதை வேணா போடுக்கா. ரெண்டுலேர்ந்து எரநூத்தி அம்பத்தி நாலு வரைக்கும். ரெண்டுத்துக்கு ஒரே நம்பர் போட்டுடாத, அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குள் போய்விட்டான்.

நம்பர் என்றதும் அப்பாவுக்குக் காது கேட்கத் தொடங்கியது. எங்கள் குடும்பத்தில் ஸ்கூட்டர் வாங்கினாலும் சிம் கார்டு வாங்கினாலும் கூட்டுத்தொகை போட்டுப் பார்க்காமல் ஒன்றும் நடக்காது. மோட்டாருக்கு ஒன்பது என்றார். வாசல் லைட்டுக்கு எட்டு போடட்டுமா என்று கேட்டதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார். எட்டு சனி, ஐந்து போடு என்றார். கேமராவுக்கு வந்தபோது யோசிக்கவே இல்லை.

"நூத்தெட்டு போடு. சாமிக்கும் அதான், ஆம்புலன்ஸுக்கும் அதான்."

எனக்கே அது பொருத்தமாகத்தான் பட்டது. 108 என்று அடித்து உறுதி செய்தேன். அப்பா கேமராவுக்குக் கீழே சுவரில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். ரூட்டரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது கேட்கப்பட வேண்டிய ஆள் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கரண்ட் போய் வந்தால் மூன்றும் தத்தம் நம்பரில் எழுந்து உட்கார்ந்தன. வாசல் லைட் ஆறு மணிக்கு எரிந்தது. பக்கத்து வீட்டு மல்லாட்டை காய்ந்தது. தம்பி தினமும் நாலு தடவை கேமராவில் வந்து "சாப்டியாப்பா?" என்று கேட்டான். அப்பா நாலு தடவையும் சாப்பிட்டேன் என்றார். பிறகு பௌர்ணமி வந்தது.

இந்த ஊரில் பௌர்ணமி என்றால் என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையைச் சுற்ற ஊர் கொள்ளாத கூட்டம் வரும். எங்கள் சொந்தக்காரர்களும் வருவார்கள். மற்றவர்கள் வழியில் கிடைத்த இடத்தில் உட்காருவார்கள். எங்கள் ஆட்கள் நேராக அப்பா வீட்டுக்கு வந்து, செருப்பை விட்டு, பாத்ரூமுக்குப் போய், காபி குடித்து, இருட்டுகிற நேரத்தில் நடக்கக் கிளம்புவார்கள். புண்ணியத்துக்கு மலை, மற்றதுக்கெல்லாம் அப்பா. நினைத்தாலே முக்தி தரும் ஊர் என்று பெயர், ஆனால் அன்றைக்கு எவ்வளவு நினைத்தாலும் போனில் சிக்னல் கிடைக்காது. அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் மலையை செல்ஃபி எடுத்து அனுப்பினால் டவர் என்ன செய்யும்? அதனால் வீட்டுக்குள் காலை வைக்கிற ஒவ்வொருத்தரும் "நல்லா இருக்கீங்களா" என்பதற்கு முன்னால் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்பார்கள். அப்பா அதை நாட்காட்டி அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்.

அந்தப் பௌர்ணமி சாயந்தரம் கேமரா நின்றுவிட்டது. பச்சை விளக்கு அணைந்தது. தம்பி கதறிக்கொண்டு எனக்கு வாட்ஸ்அப்பில் போன் செய்தான். நான் கூடத்தில் அப்பாவுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன், அப்பா பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதைச் சொன்னேன். எல்லாரும் நடக்கக் கிளம்பிய பிறகு அவர் தனியாகத்தானே இருப்பார், அதற்குத்தானே கேமரா என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். மறுநாள் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகியதும் கேமரா ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்துகொண்டது.

அடுத்த பௌர்ணமியும் அப்படியே. நடுவில் இருபத்தெட்டு நாளும் ஒரு குறையும் இல்லை. பௌர்ணமி சாயந்தரம் மட்டும் பச்சை விளக்கு போய்விடும். பக்கத்து வீட்டம்மா நிலவுக்கும் மனசுக்கும் சம்பந்தம் உண்டு, கேமராவுக்கும் இருக்கலாம் என்றார். எதிர்மாடியில் இருக்கிற வெளிநாட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, மலையின் சக்தி அன்றைக்கு ஜாஸ்தி என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவருடைய லேப்டாப் மட்டும் அந்தச் சக்தியைத் தாங்கிக்கொண்டு ஓடியது எப்படி என்று நான் கேட்டேன். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பி கேமராவையே மாற்றினான். புதுக் கேமரா வந்தது. வீட்டுக்கு ஒத்துவந்த நம்பர் என்று அதற்கும் 108 போட்டோம். மூன்றாவது பௌர்ணமியில் அதுவும் நின்றது. அன்றைக்கே தம்பி சொல்லிவிட்டான். அடுத்த பௌர்ணமிக்குக் காரோடு வருகிறேன், கேமரா என் கண் முன்னால் நின்றுபோனால் அப்பா என்னோடு கிளம்புகிறார்.

நான் கத்தினேன். அப்பா கத்தவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது பரணிலிருந்து பழைய தோல்பையை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்திருந்தார். இரண்டு வேட்டி, நாலு சட்டை, மாத்திரை டப்பா எல்லாம் கட்டிலில் அடுக்கி இருந்தன. சென்னையில் தம்பி வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கும் என்று என்னிடம் சாதாரணமாகக் கேட்டார். எதிர் ஃப்ளாட்டைப் பார்த்து இருக்கும் என்றேன். சரி என்றார். அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அந்தப் பையைப் பார்த்தபோது அவர் கெஞ்சியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

நாலாவது பௌர்ணமி சனிக்கிழமை வந்தது. தம்பி மத்தியானமே வந்துவிட்டான். காரை நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம் சுற்றி, அதுவே பாதி கிரிவலம் என்று எரிந்து விழுந்துகொண்டு வந்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு கேமராவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான். ஆளும் அங்கேயே, அவனுடைய படமும் போனில். தன்னைத் தானே வேவு பார்த்துக்கொண்டிருந்த அவனைப் பார்க்கச் சிரிப்பு வந்தது, ஆனால் அன்றைக்கு நான் சிரிக்கிற நிலையில் இல்லை. என் கணவர் நெல் அறுப்பு என்று சொல்லிக் கீழ்பென்னாத்தூரிலேயே தப்பித்துக்கொண்டார்.

மூன்று மணிக்குப் பெரியப்பா மகன் மனைவியோடும் மகளோடும் வந்தான். மூன்று பேரும் பாஸ்வேர்டு போட்டார்கள். நாலரைக்குச் சித்தி வந்தார், அவரும் போட்டார். கேமரா நன்றாக ஓடியது. ஐந்து மணி ஆயிற்று. எனக்கு நெஞ்சில் கொஞ்சம் நம்பிக்கை கூட வந்துவிட்டது. ஐந்தேகாலுக்கு அத்தை வந்தார்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. போளூரிலிருந்து பஸ்ஸில் வருவார், எப்போதும் கடைசியாகத்தான் வருவார். தனக்கு இந்தக் குடும்பத்தில் எல்லாமே ஒரு பிடி கம்மியாகத்தான் கிடைத்தது என்பது அவருடைய ஐம்பது வருஷக் குறை. கல்யாணச் சாப்பாட்டில் ஜாங்கிரி தீர்ந்துபோனதிலிருந்து தொடங்கும் அது. வந்ததும் பஸ்ஸைத் திட்டினார், வெயிலைத் திட்டினார், நாட்காட்டியைப் பார்த்துப் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"நின்னுடுச்சி," என்றான் தம்பி.

பச்சை விளக்கு இல்லை. அப்பா மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுந்து உள்ளே போனார். பையை எடுக்கத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அத்தைக்கு இது எதுவும் பொருட்டில்லை. போனைத் தூக்கிப் பிடித்து, "எனக்கு மட்டும் வரலயே," என்றார். "எல்லாருக்கும் வருது. எனக்குன்னா மட்டும் வராது. போன தரமும் இப்படித்தான், அதுக்கு முந்தின தரமும் இப்படித்தான். யார்கிட்ட சொல்றது, சொன்னா அத்தைக்குப் போன் பாக்கத் தெரியலம்பீங்க."

வேறு ஒரு நாளாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் போன தரமும் அதற்கு முந்தின தரமும் என்பது காதில் இடித்தது. அத்தை கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். வைஃபை என்று இருக்கிற இடத்தில் அழுத்தி, உள்ளே போய், இந்தப் போனுக்கு ரூட்டர் கொடுத்த நம்பர் என்ன என்று பார்த்தேன். கடைசி மூன்று இலக்கம் 108.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பதினெட்டு வருஷமாக எண்களைச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ரூட்டர் தானாகக் கொடுக்கிற நம்பர் நூறிலிருந்து தொடங்குகிறது. மேஸ்திரிப் பெட்டிக்கு நூறு, அப்பாவின் போனுக்கு நூற்றொன்று. அதற்கப்புறம் வருகிற ஏழாவது ஆளுக்கு நூற்றெட்டு. சாதாரண நாளில் அந்த வீட்டுக்கு ஏழு பேர் வர மாட்டார்கள். பௌர்ணமிக்கு மட்டும்தான் வருவார்கள், என்னையும் என் கணவரையும் சேர்த்து எண்ணினால் ஏழாவதாக அத்தைதான் வருவார். இந்தத் தரம் கணவருக்குப் பதில் தம்பி. கேமரா தன் நம்பர் 108 என்று அதுவாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது ரூட்டருக்குத் தெரியாது. அதன் பட்டியலில் 108 காலி. அத்தைக்குக் கொடுத்துவிட்டது. இரண்டு பேருக்கு ஒரே நம்பர் என்றால் செய்தி யாருக்குப் போகும்? இரண்டு பேருக்கும் போகவில்லை.

தம்பி புரிந்துகொண்டு தலையில் கை வைத்தான். மற்றவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். அதற்குள் அப்பா பையோடு வெளியே வந்து நின்றார். அவருக்கு எப்படிச் சொல்வது என்பது மட்டும் எனக்குச் சட்டென்று தெரிந்தது.

"அப்பா, நம்ம கேமரா ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிச்சிருக்குப்பா," என்றேன். "ரூட்டருதான் கண்டக்டரு. அதுக்குத் தெரியாது. அது அத்தைக்கு அந்த சீட்டைக் குடுத்துடுச்சி."

அப்பாவின் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்குள் ஜன்னலில் துண்டு எறிகிறவர்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டினவர் அவர். அவர் வண்டியில் துண்டுக்கு மரியாதை கிடையாது. துண்டை எடுத்துப் போட்டவன் கையிலேயே கொடுத்துவிட்டு, ஏறி நிற்கிற ஆளை உட்காரச் சொல்வார். அதற்காக இரண்டு தரம் அடியும் வாங்கியிருக்கிறார்.

"துண்டு போட்டது யாரு?" என்று கேட்டார்.

"நீதான். நூத்தெட்டுன்னு சொன்னது நீதான்."

அப்பா பையைக் கீழே வைத்தார். "எதை வேணா போடுன்னு சொன்னது யாரு?" என்று தம்பியைப் பார்த்தார். தம்பி போனைப் பார்த்தான்.

அதன் பிறகு வேலை பத்து நிமிஷம்தான். நூற்றுக்குக் கீழே வேறு நம்பருக்குக் கேமராவை மாற்றிவிடலாம் என்றான் தம்பி. மோட்டாரும் லைட்டும் அப்படித்தான் தப்பித்திருந்தன. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எந்த சீட்டு யாருக்கு என்பது கண்டக்டர் கையில்தான் இருக்க வேண்டும், வண்டியில் ஏறுகிறவன் தானாக முடிவு செய்யக் கூடாது என்றார். அது உண்மையிலேயே முடியும். ரூட்டருக்குள் போய், இந்தக் கேமரா வந்து கேட்டால் இந்த நம்பரைக் கொடு, வேறு யாருக்கும் கொடுக்காதே என்று எழுதி வைக்கலாம். கேமரா தானாக நம்பர் சொல்வதை நிறுத்திவிட்டு, மற்றவர்கள் மாதிரி ரூட்டரிடம் கேட்டு வாங்கும், ஒவ்வொரு தடவையும் அதே நம்பர் கிடைக்கும். ரிசர்வேஷன் என்றே அதற்குப் பெயர். அப்பா அந்த வார்த்தையைக் கேட்டதும், இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று தம்பியை இன்னொரு தரம் பார்த்தார். மூன்று சாமானுக்கும் அப்படியே எழுதினான். கேமராவுக்கு 108 நிலைத்தது. அத்தைக்கு 109 கிடைத்தது. பச்சை விளக்கு எரிந்தது, அத்தையின் போனில் ஏதோ வீடியோ காதைப் பிளந்தது. மூணு மாசம் கழித்துக் கொடுத்தீங்க என்றார் அத்தை.

தம்பி நியாயம் தெரிந்தவன். நான்தான் எதை வேணா போடுன்னு சொல்லிட்டேன் என்று முணுமுணுத்துவிட்டு, அப்பாவின் பையை அவனே தூக்கிக்கொண்டு போய்ப் பரணில் வைத்தான். ஆறரை மணிக்கு எல்லாரும் மலை சுற்றக் கிளம்பினார்கள், தம்பியும் போனான். எனக்கு ஒரு கட்டு விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது, நான் போகவில்லை. ஜெயித்த களைப்பில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

ஆட்கள் போனதும் அப்பா கதவைச் சாத்தினார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பனியனோடு சாய்வு நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி எதிரில் இருந்த ஸ்டூலின் மேல் போட்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் மேலே பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"இனிமே இது நிக்கவே நிக்காதா?" என்று கேட்டார்.

"நிக்காதுப்பா. கரண்ட் போனாலும் வந்து அதே எடத்துல உக்காந்துக்கும்," என்றேன் பெருமையாக.

அப்பா காலை இறக்கினார். எழுந்து போய் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். வீட்டில் யாரும் இல்லையே, எதற்கு என்று கேட்டேன். அவர் பட்டனைப் போட்டுக்கொண்டே கேமராவைக் கண்ணால் காட்டினார்.

"மூணு பௌர்ணமியா நீங்கல்லாம் நடக்கப் போனப்புறம் அது செத்துக் கெடக்கும்," என்றார், குரலைத் தாழ்த்தி. "பனியனோட உக்காந்து வாய்க்கு வந்ததப் பேசினு இருப்பேன். உங்கம்மாவத் திட்டுவேன், என்ன வுட்டுட்டு முன்னாடி போயிட்டாளேன்னு. அப்புறம் உன் தம்பியத் திட்டுவேன். மாசத்துக்கு ஒரு நாளு. நல்லா இருந்திச்சி."

ஆறு மாசமாக அப்பா வீட்டுக்குள் சட்டையோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வயசான பிறகு நாகரிகம் வந்துவிட்டது என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, கேமராவின் ஒயரைப் பிடுங்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. நின்னா வண்டில ஏத்திடுவான்."

"அங்க கேமரா இல்லியே. அங்கயாவது பனியனோட இருக்கலாம்ல?" என்றேன். அழுதுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிக் கேட்டேன்.

"அங்க மருமக இருக்கு. அங்கயும் சட்டைதான். சட்டை போட்டுனுதான் இருக்கணும்னா எம் வூட்லயே போட்டுனு இருக்கேன்."

அப்போது கேமராவுக்குள்ளிருந்து கூட்டத்தின் இரைச்சலும் அதற்கு நடுவில் தம்பியின் குரலும் வந்தன. பக்கத்து வீட்டைத் தாண்டியிருக்க மாட்டான், தாண்டினால் எங்கள் வைஃபை கிடைத்திருக்காது. இப்போதாவது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத் திறந்திருப்பான்.

"என்னப்பா, சட்டை போடுற? எங்க கெளம்பிட்ட?"

அப்பா மேல் பட்டனையும் போட்டார். கேமராவுக்கு நேராக முகத்தைத் தூக்கினார்.

"எங்கயும் போல," என்றார். "வூட்லதான் இருக்கேன்."